உறுப்புகளின் இடத்தை மாற்றினால் கூடுதல் மாறுமா?

எண்வழி:

சில நாள்களாக ஒரு கணக்கு என்னை விடாமல் அலைக்கழிக்கிறது. எத்தனை முறை திரும்பிப் பார்த்தாலும் பிழை எங்கே நுழைந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை என்பதால், படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

கூ = 1 − 1/2 + 1/3 − 1/4 + 1/5 − 1/6 + …

இந்தத் தொடர் குவிகிறது, அதாவது அதன் கூடுதல் ஓர் எண்ணை நெருங்கி நிற்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. முதல் இரண்டு உறுப்புகளைக் கூட்டினால் 1/2 வருகிறது. அதன்பின் ஒரு படி ஏறி, அதைவிடச் சிறிய ஒரு படி இறங்கி, மீண்டும் ஏறி என்று ஊசலாட்டம் சுருங்கிக்கொண்டே போகிறது. ஆகவே கூ என்பது 1/2க்கும் 1க்கும் இடையில் எங்கோ உள்ள ஓர் எண். அது 2இன் இயல் மடக்கை, அதாவது 0.6931… என்று பாடநூலில் படித்திருக்கிறேன்.

இப்போது உறுப்புகளை வேறு வரிசையில் எழுதுகிறேன். நேர்க்குறி உறுப்பு ஒன்று, எதிர்க்குறி உறுப்புகள் இரண்டு என்று மாறிமாறி எடுக்கிறேன்.

1 − 1/2 − 1/4 + 1/3 − 1/6 − 1/8 + 1/5 − 1/10 − 1/12 + …

எந்த உறுப்பும் விடுபடவில்லை, எந்த உறுப்பும் இருமுறை வரவில்லை. ஒவ்வொரு மூன்றிலும் முதல் இரண்டை மட்டும் சேர்த்துச் சுருக்கினால், 1 − 1/2 என்பது 1/2 ஆகிறது, 1/3 − 1/6 என்பது 1/6 ஆகிறது, 1/5 − 1/10 என்பது 1/10 ஆகிறது. ஆக, முழுத் தொடரும் இப்படி மாறுகிறது:

1/2 − 1/4 + 1/6 − 1/8 + 1/10 − 1/12 + …

இது மூலத் தொடரின் ஒவ்வோர் உறுப்பையும் பாதியாக்கியது தவிர வேறொன்றுமில்லை. அப்படியானால் கூ = கூ/2. அதாவது கூ சுழியமாக இருக்க வேண்டும். ஆனால் அது 1/2ஐவிடப் பெரியது என்று மேலேயே பார்த்தோம். சுருக்கிய இடத்தில் பிழையா, வரிசையை மாற்றிய இடத்தில் பிழையா என்பதைப் பெரியவர்கள் யாராவது காட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

எல்லைக்கோடு:

எண்வழி அவர்களே, சுருக்கிய இடத்தில் பிழை எதுவுமில்லை. புதிய வரிசை உண்மையிலேயே 0.3466 என்ற எண்ணை நோக்கித்தான் போகிறது. பிழை ஒரே ஓர் இடத்தில் இருக்கிறது: வரிசையை மாற்றிய பிறகும் அதற்கு அதே ‘கூ’ என்ற பெயரை வைத்தீர்களே, அங்கே. அது வேறொரு தொடர். அதன் கூடுதலும் வேறு.

சொல்லால் சொல்வதைவிட எண்ணால் காட்டுவது நல்லது. மூல வரிசையில் முதல் 12 உறுப்புகளைக் கூட்டினால் 0.6532 வருகிறது, உங்கள் புதிய வரிசையில் முதல் 12 உறுப்புகளைக் கூட்டினால் 0.3173 வருகிறது. முதலாவதில் ஆறு நேர்க்குறி உறுப்புகளும் ஆறு எதிர்க்குறி உறுப்புகளும் உள்ளன. இரண்டாவதில் நான்கும் எட்டும். நீங்கள் உறுப்புகளின் இடத்தை மட்டும் மாற்றவில்லை. எதிர்க்குறி உறுப்புகளை இரட்டை வேகத்தில் செலவழிக்கத் தொடங்கிவிட்டீர்கள்.

‘போகப்போக உறுப்புகள் மிகச் சிறியவை ஆகிவிடுகின்றனவே, கூடுதலாக எடுத்த சில உறுப்புகளால் என்ன வந்துவிடும்’ என்று கேட்கத் தோன்றும். இதே கேள்வியில் நானும் நெடுநாள் சிக்கியிருந்தேன். மூல வரிசையில் 2000 உறுப்புகளையும் புதிய வரிசையில் 3000 உறுப்புகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் அதே 1000 நேர்க்குறி உறுப்புகள் உள்ளன. புதிய வரிசையில் மட்டும் 1/2002, 1/2004 என்று தொடங்கி 1/4000 வரை 1000 எதிர்க்குறி உறுப்புகள் மிகையாக உள்ளன. ஒவ்வொன்றும் அற்பமான அளவுதான். ஆனால் எதுவும் 1/4000க்குக் குறையவில்லை, எண்ணிக்கையோ ஆயிரம். ஆகவே அவற்றின் மொத்தம் 1/4க்குக் கீழே போக முடியாது. 1000க்குப் பதிலாகப் பத்து லட்சம் வைத்துப் பாருங்கள். உறுப்புகள் ஆயிரம் மடங்கு சிறுக்கும், எண்ணிக்கை ஆயிரம் மடங்கு பெருகும், மொத்தம் அப்படியே நிற்கும். அந்த மொத்தம் 0.3466ஐ நெருங்குகிறது. உங்கள் கணக்கில் காணாமல் போன பாதி அதுதான்.

நேர்க்கணக்கன்:

இந்த விளக்கத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை என்பதை மரியாதையோடு பதிவு செய்கிறேன். கூட்டலில் வரிசை முக்கியமில்லை என்பது எண்கணிதத்தின் அடித்தளம். 3ஐயும் 5ஐயும் எந்த வரிசையில் கூட்டினாலும் 8தான். மூன்று எண்களுக்கு இது பொருந்துகிறது, நூறு எண்களுக்கும் பொருந்துகிறது, கோடி எண்களுக்கும் பொருந்துகிறது. அப்படியிருக்க, எண்ணிக்கை முடிவில்லாமல் ஆனவுடன் அந்த விதி எப்படி மறையும்?

‘3000 உறுப்புகள் வரை’ என்று நீங்கள் நடுவழியில் நிறுத்திப் பார்ப்பதால்தான் வேறுபாடு தெரிகிறது. நிறுத்தாமல் முழுவதையும் கூட்டினால் மிகை என்று எதுவும் இருக்காது. அந்த 1000 எதிர்க்குறி உறுப்புகளும் மூல வரிசையில் பின்னால் வரத்தானே போகின்றன? மொத்தக் குவியல் ஒன்றே என்றால் கூடுதலும் ஒன்றே. இதை மறுப்பவர்கள் கணிதத்தை விளக்கவில்லை, விதியைத் தங்கள் வசதிக்கு மாற்றுகிறார்கள் என்றே கருதுகிறேன்.

எல்லைக்கோடு:

நேர்க்கணக்கரே, உங்கள் மறுப்பு மேலோட்டமானதன்று. ‘நிறுத்தாமல் முழுவதையும் கூட்டினால்’ என்ற சொற்றொடரில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது என்பதால், அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முழுவதையும் கூட்டுவது என்ற செயல் ஒன்று உண்டா? கூட்டல் என்பது இரண்டு எண்களை வாங்கி ஓர் எண்ணைத் திருப்பித் தரும் செயல். அதைத் திரும்பத் திரும்பச் செய்து மூன்று, நூறு, கோடி எண்களைக் கூட்டலாம். ஒவ்வொரு முறையும் வேலை ஒரு படியில் முடிகிறது. வரிசை முக்கியமில்லை என்ற விதியும் அந்தப் படிகளின் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு ஏறித்தான் நிறுவப்படுகிறது. எந்த எண்ணிக்கைக்கும் அது பொருந்தும். ஆனால் ‘முடிவிலி’ என்பது அந்த ஏணியில் ஒரு படி அன்று. அங்கே பழைய விதி மறையவில்லை. அது அங்கே நிறுவப்படவே இல்லை.

ஆகவே முடிவில்லாத உறுப்புகளுக்கு ‘கூடுதல்’ என்று ஒரு பொருளை நாம்தான் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். 1821இல் கோஷி வெளியிட்ட பாடநூலில் அது வரையறையாகவே தரப்படுகிறது: முதல் ஒன்று, முதல் இரண்டு, முதல் மூன்று என்று உறுப்புகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டே வரும்போது கிடைக்கும் பகுதிக் கூடுதல்கள் ஓர் எண்ணை எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கி அங்கேயே தங்கிவிட்டால், அந்த எண்ணே தொடரின் கூடுதல். இந்த வரையறையில் ‘வரிசையாக’ என்ற சொல் இருக்கிறது. குவியலுக்குக் கூடுதல் கிடையாது, வரிசைக்குத்தான் உண்டு.

வரிசையை மாற்றினாலும் கூடுதல் மாறாத தொடர்கள் இருக்கின்றன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லா உறுப்புகளையும் நேர்க்குறியாக்கிய பிறகும் தொடர் குவிந்தால், அதாவது அது தனிக் குவிவு உடையதாக இருந்தால், எப்படிக் கலைத்துப் போட்டாலும் அதே கூடுதல்தான் வரும். இதை டிரிக்லே 1837இல் காட்டினார். 1 − 1/2 + 1/4 − 1/8 + … என்ற பெருக்குத் தொடரை உங்கள் விருப்பம்போல் கலையுங்கள். 2/3 என்ற விடை அசையாது. எண்வழி எடுத்துக்கொண்ட தொடர் அந்த வகை அன்று. அதில் 1 + 1/3 + 1/5 + … என்ற நேர்க்குறிப் பகுதி தனியாகவே எல்லையின்றி வளரும். 1/2 + 1/4 + 1/6 + … என்ற எதிர்க்குறிப் பகுதியும் அப்படியே. வற்றாத இரண்டு ஊற்றுகளில் இருந்து மாறிமாறி முகந்து ஒரு சமநிலையை உண்டாக்கியிருக்கிறோம். எந்த ஊற்றில் எவ்வளவு வேகமாக முகக்கிறோம் என்பதைப் பொறுத்துச் சமநிலை நிற்கும் இடம் மாறத்தானே செய்யும்?

ரீமான் இதை இறுதிவரை கொண்டுபோனார். இத்தகைய தொடரை வரிசை மாற்றி எந்த எண்ணை வேண்டுமானாலும் கூடுதலாகப் பெறலாம் என்பது அவருடைய தேற்றம். 0.6931 மட்டுமன்று, 1.5 வேண்டுமா, −100 வேண்டுமா, அதுவும் கிடைக்கும்.

நேர்க்கணக்கன்:

வரையறை என்ற வாதத்தை ஒரு பேச்சுக்கு ஏற்கிறேன். ஆனால் அந்த வரையறை தன் பணியைச் சரியாகச் செய்கிறதா என்று பார்க்க வேண்டும். 1 − 1 + 1 − 1 + … என்ற தொடருக்கு அது என்ன விடை தருகிறது? பகுதிக் கூடுதல்கள் 1, 0, 1, 0 என்று போகின்றன. ஆகவே கூடுதலே இல்லை என்று சொல்லிக் கைவிரிக்கிறது. ஆனால் இயற்கணிதம் விடை தருகிறது. தொடரை ‘த’ என்போம். முதல் உறுப்பை விலக்கினால் எஞ்சுவது −த. ஆகவே த = 1 − த; த = 1/2. கிராந்தி 1703இல் இந்தத் தொடரை ஆராய்ந்தார், லைப்னிட்ஸும் 1/2 என்பதையே ஆதரித்தார். அவர்கள் அறியாதவர்களா?

அகல்விளக்கு:

இந்தத் தொடரை வைத்து ஒரு புதிர் உண்டு. ஒரு விளக்கை ஏற்றுகிறோம். அரை நிமிடம் கழித்து அணைக்கிறோம், அடுத்த கால் நிமிடத்தில் ஏற்றுகிறோம், அரைக்கால் நிமிடத்தில் அணைக்கிறோம். 1/2 + 1/4 + 1/8 + … என்பது 1 ஆகையால், ஒரு நிமிடத்துக்குள் முடிவில்லாத முறை ஏற்றி அணைத்துவிடுவோம். ஒரு நிமிடம் முடிந்த அந்தக் கணத்தில் விளக்கு எரிகிறதா, அணைந்திருக்கிறதா? மெய்யியலாளர் ஜேம்ஸ் தாம்சன் 1954இல் எழுப்பிய கேள்வி இது.

எரிவதை 1 என்றும் அணைவதை 0 என்றும் குறித்தால், 1 − 1 + 1 − 1 + … தொடரின் பகுதிக் கூடுதல்களே விளக்கின் நிலைகள். கூடுதல் 1/2 என்றால் விளக்கு பாதி எரிகிறது என்று சொல்ல வேண்டும். அதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. நிமிடத்துக்கு முந்தைய நிலைகளை எவ்வளவுதான் துல்லியமாகச் சொன்னாலும், நிமிடம் முடிந்த கணத்தின் நிலையைப் பற்றி நாம் எதுவுமே சொல்லவில்லை என்பதே என் விடை. விளக்கின் விதியில் அந்தக் கணம் இடம்பெறவே இல்லை.

ஆனால் 1/2 என்பது பொருளற்ற எண்ணும் அன்று. விளக்கின் நிலைகளை, ஒவ்வொன்றும் நீடித்த நேரத்தைப் பாராமல், ஒன்றொன்றாக எண்ணிச் சராசரி எடுத்தால் அதுதான் விடை. பகுதிக் கூடுதல்களின் சராசரிகளை எடுத்துப் பாருங்கள்: 1, 1/2, 2/3, 1/2, 3/5, 1/2, 4/7 … இவை 1/2ஐ நெருங்குகின்றன. செசாரோ 1890இல் இந்தச் சராசரி முறையை ஒழுங்காக வகுத்தார். நேர்க்கணக்கரே, உங்கள் இயற்கணிதம் நிறுவுவது ‘கூடுதல் என்று ஒன்று இருந்து, அதற்கு வழக்கமான விதிகளும் பொருந்தினால், அது 1/2ஆகத்தான் இருக்க முடியும்’ என்பதை மட்டுமே. இருக்கிறதா என்பதை அது நிறுவவில்லை.

படிகம்:

அப்படியென்றால் இராமானுசன் எழுதியதை என்ன செய்வது? 1 + 2 + 3 + 4 + … = −1/12 என்று அவர் 1913இல் ஆங்கிலக் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதினார். இயற்பியலிலும் இந்த எண் பயன்படுகிறது. நேர் எண்களை மட்டுமே கூட்டினால் எதிர்க்குறி விடை எப்படி வரும் என்று கேட்பவர்களுக்கு, ‘முடிவிலியில் அப்படித்தான்’ என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை.

எல்லைக்கோடு:

போதாதுதான், படிகம் அவர்களே. ‘முடிவிலியில் அப்படித்தான்’ என்பது விடையே அன்று.

முதலில் இராமானுசனுக்கு நியாயம் செய்ய வேண்டும். தம் கோட்பாட்டின்படி இந்தத் தொடரின் கூடுதல் −1/12 என்றே அவர் எழுதினார். ‘என் கோட்பாட்டின்படி’ என்ற அந்த அடைமொழியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இதைச் சொன்னால் தமக்குரிய இடம் மனநோயாளர் விடுதி என்று ஹார்டி காட்டக்கூடும் என்பதையும் அதே கடிதத்தில் அவரே சொல்லிவைத்தார். தாம் பயன்படுத்தும் சமக்குறி வழக்கமான சமக்குறி அன்று என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

வழக்கமான விதிகளை இந்தத் தொடரிடம் கொண்டுபோனால் என்ன நேர்கிறது என்று பாருங்கள். கூ = 1 + 2 + 3 + 4 + … என்று வைப்போம். முன்னால் ஒரு சுழியத்தைச் சேர்த்து ஓரிடம் தள்ளி எழுதினால் 0 + 1 + 2 + 3 + …. சுழியத்தைச் சேர்ப்பதால் கூடுதல் மாறாது என்றால் இதுவும் கூ. முதலாவதிலிருந்து இரண்டாவதை உறுப்புக்கு உறுப்பு கழித்தால் 1 + 1 + 1 + 1 + … = கூ − கூ = 0. இந்தப் புதிய தொடரையும் அதேபோல் ஓரிடம் தள்ளிக் கழித்தால் 1 + 0 + 0 + 0 + … = 0 என்று வருகிறது. அதாவது 1 = 0. இதில் கூ என்பது −1/12 என்று நான் எங்குமே பயன்படுத்தவில்லை. ‘உறுப்புக்கு உறுப்பு கழிக்கலாம், முன்னால் சுழியம் சேர்க்கலாம்’ என்ற இரண்டு எளிய விதிகளையும் காப்பாற்றிக்கொண்டு இந்தத் தொடருக்கு எந்த எண்ணையுமே கூடுதலாகத் தர முடியாது என்பதுதான் இதன் பொருள். ஆகவே, தொடர்களை இடம் தள்ளித் தள்ளிக் கழித்து −1/12 என்று ‘நிறுவும்’ அந்தப் புகழ்பெற்ற மூன்று வரிக் கணக்கு நிறுவல் ஆகாது. அதே உத்தியால் எதை வேண்டுமானாலும் நிறுவலாம்.

பிறகு −1/12 எங்கிருந்துதான் வருகிறது? ஒவ்வோர் உறுப்பையும் மெல்லத் தேய்ந்து மறையும் ஒரு காரணியால் பெருக்குவோம். இயல் மடக்கையின் அடிமானமான 2.718…ஐ −1/10, −2/10, −3/10 என்ற அடுக்குகளுக்கு உயர்த்தி, முறையே 1, 2, 3 ஆகியவற்றோடு பெருக்கிக் கூட்டினால், தொடர் நன்றாகக் குவிந்து 99.91671 என்ற விடையைத் தருகிறது. 10க்குப் பதில் 100 வைத்தால் தேய்மானம் இன்னும் மெதுவாகிறது, விடை 9999.916667. முதலாவது 100ஐவிட 0.08329 குறைவு, இரண்டாவது 10000ஐவிட 0.083333 குறைவு. தேய்மானத்தை மேலும் மெதுவாக்கினால் பெரிய பகுதி எல்லையின்றி வளர்கிறது. அதனோடு ஒட்டியிருக்கும் −1/12 மட்டும் அசையாமல் நிற்கிறது. அந்த எண்ணைத்தான் இராமானுசனின் முறை பிரித்தெடுக்கிறது. 1, 2, 3, … ஆகியவற்றை ஒரே அடுக்குக்கு உயர்த்தி அவற்றின் தலைகீழிகளைக் கூட்டுவது சீட்டாச் சார்பு; ரீமான் 1859இல் ஆராய்ந்த அந்தச் சார்பை, தொடர் குவியாத பகுதிக்கும் நீட்டினால் −1இல் கிடைக்கும் மதிப்பும் அதுவே. இயற்பியலாளர்களும் வளர்ந்துகொண்டே போகும் பெரிய பகுதி வேறோர் இடத்தில் அடிபட்டுப் போகும் என்பதைச் சரிபார்த்த பிறகே எஞ்சியதை எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த எண் உண்மை, அதன் அழகும் உண்மை. ஆனால் 1ஐயும் 2ஐயும் 3ஐயும் கூட்டிக்கொண்டே போனால் ஒருநாள் −1/12ஐ அடைவோம் என்று ஒரு மாணவரிடம் சொல்வது அந்த அழகுக்குச் செய்யும் தீங்கு என்றே நினைக்கிறேன்.

நேர்க்கணக்கன்:

1 = 0 என்று வரும் அந்தக் கணக்கை நானே இருமுறை எழுதிப் பார்த்தேன். ஓட்டை தெரியவில்லை. அதே இரண்டு விதிகளை வைத்துத்தான் நான் 1 − 1 + 1 − 1 + … தொடருக்கு 1/2 என்று எழுதினேன் என்பதும் உறைத்தது. அங்கே அவை முரண்படாமல் நின்றது அந்தத் தொடரின் இயல்பால். என் நிறுவலின் வலிமையால் அன்று. அந்த அளவுக்கு என் நிலையை மாற்றிக்கொள்கிறேன். எண்வழியின் தொடரைப் பற்றி இன்னும் யோசிக்க வேண்டும்.

சிற்றெறும்பு:

எல்லைக்கோடு சொன்ன ‘வற்றாத ஊற்று’ எவ்வளவு மெதுவாகச் சுரக்கிறது என்பதை உணர்ந்தால் முதல் கேள்வி இன்னும் தெளிவாகும் என்று தோன்றுகிறது. 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்ற இசைத் தொடர் எல்லையின்றி வளர்கிறது என்பதை ஒரேம் 1350ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே காட்டிவிட்டார். 1/3உம் 1/4உம் சேர்ந்தால் 1/2க்கு மேல். 1/5 முதல் 1/8 வரை சேர்ந்தால் 1/2க்கு மேல். 1/9 முதல் 1/16 வரையிலும் அப்படியே. அரை அரையாக ஏறிக்கொண்டே போகும். ஆனால் அது 10ஐத் தாண்ட 12,367 உறுப்புகளும், 20ஐத் தாண்ட 27 கோடியே 24 லட்சத்து 600 உறுப்புகளும் வேண்டும்.

இதையொட்டி இரண்டு புதிர்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள ரப்பர் நாடாவின் ஒரு முனையிலிருந்து எறும்பு நிமிடத்துக்கு 25 சென்டிமீட்டர் வேகத்தில் நடக்கிறது. ஒவ்வொரு நிமிடமும் முடிந்தவுடன் நாடா முழுவதும் சீராக ஒரு மீட்டர் நீள்கிறது. எறும்பு மறுமுனையை அடையுமா? அடுத்தது: ஒரே அளவுள்ள செங்கற்களை, கலவை எதுவும் பூசாமல், ஒன்றன்மேல் ஒன்றாக மேசையின் விளிம்புக்கு வெளியே நீட்டி அடுக்குகிறோம். மேல் கல்லின் நுனி, மேசை விளிம்பிலிருந்து இரண்டு கல் நீளத்துக்கு அப்பால் நிற்கும்படி செய்ய எத்தனை கற்கள் வேண்டும்?

எறும்பு முதல் நிமிடத்தில் நாடாவின் 1/4 பங்கையும், இரண்டாம் நிமிடத்தில் 1/8 பங்கையும், மூன்றாம் நிமிடத்தில் 1/12 பங்கையும் கடக்கிறது. நாடா சீராக நீள்வதால் கடந்த பங்கு குறைவதில்லை. ஆகவே இசைத் தொடர் 4ஐத் தாண்டும்போது எறும்பு சேர்ந்துவிடும். செங்கற்களில் மேலிருந்து கீழாக 1/2, 1/4, 1/6, 1/8 என்று நீட்டலாம். நான்கே கற்களில் நீட்சி 25/24 ஆகி, மேல் கல் முழுவதும் மேசைக்கு வெளியே வந்துவிடும். இரண்டு கல் நீளத்துக்கு இசைத் தொடரின் பாதி 2ஐத் தாண்ட வேண்டும், அதாவது தொடர் 4ஐத் தாண்ட வேண்டும். இரண்டு புதிர்களுக்கும் விடை 31தான். 30 உறுப்புகளில் 3.995 மட்டுமே வருகிறது. இந்த இரண்டும் ஒரே கணக்கு என்று கண்ட நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

அகல்விளக்கு:

அதே இசைத் தொடரில், பின்னத்தின் கீழ் எண்ணில் 9 என்ற இலக்கம் எங்காவது வரும் உறுப்புகளை மட்டும் நீக்கிவிட்டால் எஞ்சியது குவிந்துவிடும் என்று கெம்ப்னர் 1914இல் காட்டியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 9 இல்லாத ஓரிலக்க எண்கள் 8, ஈரிலக்க எண்கள் 72, மூவிலக்க எண்கள் 648. அவற்றின் தலைகீழிகள் முறையே 1, 1/10, 1/100 ஆகியவற்றைத் தாண்டா. ஆகவே மொத்தம் 8 + 7.2 + 6.48 + … என்ற பெருக்குத் தொடருக்குள், அதாவது 80க்குள் அடங்கிவிடுகிறது. உண்மையான கூடுதல் ஏறத்தாழ 22.92.

படிகம்:

மெதுவாகக் குவியும் தொடர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்கிறேன். 1 − 1/3 + 1/5 − 1/7 + … என்ற தொடரின் நான்கு மடங்கு பை (π) என்பது பதினான்காம் நூற்றாண்டில் பிறந்த சங்கமகிராமத்து மாதவனின் மரபில் தெரிந்திருந்தது. இதன் 1000 உறுப்புகளைக் கூட்டி நான்கால் பெருக்கினால் 3.140592653… வருகிறது. உண்மை மதிப்பு 3.141592653… மூன்றாம் தசம இடம் மட்டும் தவறு, அடுத்த ஆறு இடங்கள் மீண்டும் சரி! முதன்முறை இதைப் பார்த்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

எஞ்சிய வால் ஏறத்தாழ 1/1000 என்பதுதான் காரணம். மாதவனின் மரபினர் அந்த வாலையே அளந்துவிட்டார்கள். உறுப்புகளின் எண்ணிக்கை ‘ந’ என்றால், அதன் நான்கு மடங்கை, ந-வின் வர்க்கத்தை நான்கால் பெருக்கி ஒன்றைக் கூட்டிய எண்ணால் வகுத்து, குறி பார்த்துச் சேர்க்க வேண்டும். ஐந்தே உறுப்புகளோடு நிறுத்தினால் 3.33968 வரும்; திருத்தம் 20/101, அதாவது 0.19802. கழித்தால் 3.14166. ஐந்து உறுப்புகளில் மூன்று தசம இடங்கள் சரியாகிவிடுகின்றன. எங்கே நிறுத்தினோம், என்ன எஞ்சியது என்பதற்குக் கணக்கு வைத்திருந்த அவர்களின் கவனம் என்னை மிகவும் கவர்கிறது.

எண்வழி:

எல்லோருடைய மறுமொழிகளையும் பொறுமையாகப் படித்தேன். ரீமானின் தேற்றத்தை என் கையாலேயே செய்து பார்க்க விரும்பி, 1.5 என்ற இலக்கை வைத்துக்கொண்டேன். 1.5ஐத் தாண்டும்வரை நேர்க்குறி உறுப்புகளை வரிசைப்படி சேர்ப்பது, தாண்டியவுடன் ஓர் எதிர்க்குறி உறுப்பைக் கழிப்பது, மீண்டும் சேர்ப்பது என்பதே விதி.

1 + 1/3 + 1/5 = 1.5333. தாண்டிவிட்டது. 1/2ஐக் கழித்தால் 1.0333. பிறகு 1/7 முதல் 1/15 வரை ஐந்து உறுப்புகளைச் சேர்த்தால் 1.5218. 1/4ஐக் கழித்தால் 1.2718. அடுத்து 1/17 முதல் 1/25 வரை மீண்டும் ஐந்து, 1.5144. 1/6ஐக் கழித்தால் 1.3477. இலக்கைத் தாண்டும் அளவு 0.0333, 0.0218, 0.0144 என்று சுருங்குவதையும், கீழே விழும் ஆழமும் சுருங்குவதையும் கண்ணால் கண்டபோது, கூடுதல் என்பது வரிசைக்கு உரியது என்று எல்லைக்கோடு சொன்னதன் பொருள் விளங்கியது.

ஒரு கேள்வி எழுகிறது. மேலும் சில சுற்றுகள் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சரியாக ஐந்து உறுப்புகளே தேவைப்பட்டன. இது இறுதிவரை ஐந்தாகவே இருக்குமா?

எல்லைக்கோடு:

இருக்காது. எதிர்க்குறி உறுப்பு ஒன்றுக்கு நேர்க்குறி உறுப்புகள் ஐந்து என்ற விகிதத்தை என்றும் மாற்றாமல் வைத்துக்கொண்டால் கூடுதல், 2இன் இயல் மடக்கையோடு 5இன் இயல் மடக்கையில் பாதியைச் சேர்த்த எண் ஆகும். அது 1.49787, உங்கள் இலக்குக்குச் சற்றுக் குறைவு. உங்கள் முதல் கேள்வியில் விகிதம் ஒன்றுக்கு இரண்டு என்று இருந்ததால் 2இன் மடக்கையில் பாதி குறைந்தது, அதே சூத்திரம்தான். 1.5 துல்லியமாக வர வேண்டுமானால் நீண்ட காலச் சராசரி 5.0214ஆக இருக்க வேண்டும். ஆகவே பெரும்பாலும் ஐந்தாகவும், ஏறத்தாழ நாற்பத்தேழு சுற்றுகளுக்கு ஒருமுறை ஆறாகவும் வரும். முதல் ஆறு எங்கே வருகிறது என்று நீங்களே தேடிப் பாருங்கள்; பொறுமை வேண்டும்.

நேர்க்கணக்கன்:

நானும் அதே விதிப்படி கணக்குப் போட்டு வருகிறேன், எண்வழி அவர்களே. என் இலக்கு 0. குவியல் ஒன்றே, விடை வேறு என்பதை என் கண்ணால் பார்க்காமல் ஏற்க மாட்டேன் என்று இருந்தேன். 1ஐ எழுதி, 1/2, 1/4, 1/6, 1/8 ஆகிய நான்கையும் கழித்தவுடன் சுழியத்துக்குக் கீழே போய்விட்டது: −1/24. பிறகு 1/3ஐச் சேர்த்து, அடுத்த நான்கைக் கழித்தேன். மீண்டும் கீழே. நான்கு நான்காகவே போகிறது. ஒப்புக்கொள்கிறேன்.

எண்வழி:

கண்டுபிடித்துவிட்டேன். 1/44ஐக் கழித்த பிறகும் ஐந்தே போதுமானதாக இருந்தது, ஆனால் மயிரிழையில்: 1/225ஐச் சேர்த்தபோது 1.50004. அடுத்து 1/46ஐக் கழித்து, 1/227 முதல் 1/235 வரை ஐந்து உறுப்புகளைச் சேர்த்தபோது 1.49995 என்று நின்றுவிட்டது. ஆறாவதாக 1/237ஐச் சேர்த்த பிறகே 1.50417 ஆகி இலக்கைத் தாண்டியது.